ஊருணிக்கரைப் பாடம்: அளந்து கற்பிக்கவும், கற்றதை அங்கேயே மதிப்பிடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு ஊர்களில் மழைநீருக்கு ஒரு வழி போட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டுக் கூரையில் விழுவது வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்துக்கு இறங்கும். அங்கிருந்து தெருக் கால்வாய், பிறகு குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், கடைசியில் ஊர்க்குளமான ஊருணி. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றபோது, வீடுகளின் அழகோடு இந்த நீர் ஏற்பாடும் சேர்த்தே சொல்லப்பட்டது. பரப்பளவு, கனஅளவு, மண், ஆவியாதல், நீர்வாழ் உயிர்கள் என்று நடுநிலை வகுப்புக் கணக்கும் அறிவியலும் கேட்பவை எல்லாம் அந்தக் கரையில் இருக்கின்றன.

ஆனால் பிள்ளைகளை வரிசையாக ஊருணிக்குக் கூட்டிப்போய், "இதுதான் படித்துறை, இதுதான் மடை" என்று காட்டிவிட்டுத் திரும்பினால் அது சுற்றுலா. ஒவ்வொரு பிள்ளையும் கையால் ஓர் அளவை எடுத்து, அந்த அளவு ஏன் அப்படி வந்தது என்று வாயால் சொன்னால்தான் அது பாடம். அந்தச் சொல்லை எங்கே, எப்படிக் கேட்டு எழுதிக்கொள்வது என்பதைக் கிளம்பும் முன்னரே முடிவு செய்துவிட வேண்டும். திரும்பி வந்தபின் தேர்வு வைத்தால் யாருடைய கை அளந்தது, யாருடைய கண் பார்த்தது என்று தெரியாமல் போகும்.

இந்த வழிகாட்டி 8-ஆம் வகுப்பு மாணவர் 32 பேரை வைத்துச் சொல்கிறது. ஓர் ஊருணி, ஒரு கல்வியாண்டு, நான்கு நடை.

நான்கு நடை, நான்கு பருவம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் அளக்க நினைப்பதுதான் முதல் தவறு. தண்ணீர் நிறைந்தபின் ஊருணியின் ஆழத்தை அளக்கப் போனால் பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்க வேண்டிவரும். அது கூடவே கூடாது. தண்ணீர் வற்றியிருக்கும்போது பள்ளத்தை அளந்து வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் நீர்மட்டத்தை மட்டும் படித்தால் போதும். நம் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால் பள்ளி நாட்காட்டியும் இதற்கு ஒத்துவருகிறது.

ஜூலையில் வறண்ட பள்ளத்தை அளப்பது. செப்டம்பர் கடைசியில் வரத்துக்காலோடு நடப்பது. நவம்பரில் மழைக்கும் மட்டத்துக்கும் கணக்குப் போடுவது. பிப்ரவரியில் தண்ணீர் குறைவதை அளப்பது. ஒவ்வொரு நடையும் காலை 7.30 முதல் 9.30 வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறியபின் பிள்ளைகளின் எழுத்தும் எண்ணும் கோணலாகிவிடும். காற்று எழுந்துவிட்டால் நீர்மட்டமும் நிலையாக நிற்காது.

கிளம்பும் முன்

தலைமையாசிரியர் ஒப்புதலும் பெற்றோர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அடுத்து, ஊருணி யாருடையது என்று விசாரியுங்கள். சிலது ஊராட்சியுடையது, சிலது கோயிலுடையது, சிலது நகரத்தார் அறக்கட்டளை பார்த்துக்கொள்வது. குடிநீர் ஊருணியானால் செருப்பைப் படிக்கு மேலேயே விட வேண்டும். கால் கழுவக்கூடாது, சோப்பு எதுவும் கரைக்குள் வரக்கூடாது. இதை ஒரு விதியாக மட்டும் சொல்லாமல், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை முதல் நடைக்கு அழைத்துவந்து அவர் வாயால் சொல்லச் செய்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். "எத்தனை மாசம் தண்ணி நிக்கும் ஐயா? எந்தப் பக்கமா வரத்து வரும்?" என்று அவரிடம் அவர்களே கேட்கட்டும்.

பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆள் தேவை. அதில் ஒருவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தே ஆக வேண்டும், அவருக்கு வேறு வேலை தரக்கூடாது. மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன் ஒன்றில் 15 மீட்டர் கயிறு கட்டிப் படித்துறையில் வையுங்கள். விழுந்தவருக்கு எறிய அது போதும். நீர் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கரையில் கயிறு போட்டுவிடுங்கள். அதைத் தாண்டுவது பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். பாசி படிந்த படி கண்ணாடிபோல வழுக்கும் என்பதால் ஈரப்படியில் யாரும் கால் வைக்கக்கூடாது. புதர்ப் பக்கம் போகும் குழுவுக்குக் கால் மூடிய காலணி கட்டாயம்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. 30 மீட்டர் டேப் இரண்டு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, ரசமட்டம், மட்டம் பார்க்கும் 20 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப், ஒன்றரை மீட்டர் மூங்கில் கழி, 10 செ.மீ. விட்டப் புனல் பொருத்திய ஒரு லிட்டர் பாட்டில், அளவு குறித்த மருந்துக் குவளை, வாளி, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாள், வெப்பமானி. நைலான் கயிற்றால் நீளம் அளக்காதீர்கள். இழுத்த இழுப்புக்கு அது நீளும், ஒரு குழுவின் அளவும் இன்னொரு குழுவின் அளவும் ஒத்துவராது.

ஒவ்வொருவர் கையிலும் குறிப்பேடும் பேனாவும் இருக்கட்டும். பென்சிலும் அழிரப்பரும் பள்ளியிலேயே இருக்கட்டும். தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் புதியதை எழுத வேண்டும். அடித்த எண்ணும் தெரிவதுதான் மதிப்பீட்டுக்கு வேண்டியது. ஏன் மாற்றினான், எப்போது மாற்றினாள் என்பதை அந்தக் கோடு சொல்லும்.

முதல் நடை: வறண்ட பள்ளத்தை அளத்தல்

நான்கு பேர் கொண்ட எட்டுக் குழு. ஒருவர் அளப்பவர், ஒருவர் மறுமுனை பிடிப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் சரிபார்ப்பவர். ஒவ்வொரு நடையிலும் வேலை மாற வேண்டும். மாற்றாவிட்டால் எல்லாக் குழுவிலும் பையன்கள் டேப் பிடிப்பார்கள், பெண்பிள்ளைகள் எழுதுவார்கள். யாருக்கு என்ன வேலை என்று முன்கூட்டியே பட்டியலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

செவ்வக ஊருணியில் மேல்விளிம்பின் நான்கு பக்கமும் அளந்து, இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 60க்கு 40 மீட்டர் என்றால் மூலைவிட்டம் 72.1 மீட்டர் வர வேண்டும். ஒன்று 70, மற்றது 74 என்று வந்தால் அது செவ்வகமே இல்லை, சாய்ந்த வடிவம். பாடப்புத்தகத்துப் பிதாகரஸ் தேற்றம் அங்கே வேலைக்கு வருகிறது. டேப் 30 மீட்டர்தான் என்பதால் இடையில் முளை அடித்து முளையிலிருந்து தொடர வேண்டும். முளை நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பவர் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கட்டும். தண்ணீர் துளியாவது தேங்கியிருந்தால் மூலைவிட்டத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் 3, 4, 5 மீட்டர் முறையில் செங்கோணத்தைச் சரிபார்த்தால் போதும்.

ஆழத்துக்குப் படித்துறையே அளவுகோல். ஒவ்வொரு படியின் உயரத்தையும் தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டும். ஒரு படியை அளந்து படிகளின் எண்ணிக்கையால் பெருக்கும் குழு கட்டாயம் இருக்கும். பழைய கல்படிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் தவறு சேர்ந்துகொண்டே போகும். அந்தக் குழுவை அங்கேயே திருத்தாமல், அடுத்த குழுவின் விடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கடைசிப் படியிலிருந்து ஊருணியின் நடுமட்டம் எவ்வளவு தாழ்வு என்பதை டியூப் மட்டத்தால் பார்க்கலாம். டியூபுக்குள் காற்றுக்குமிழ் ஒன்று இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். ஒரு முனையைத் தொட்டியில் மூழ்கவிட்டு மெல்ல நிரப்பினால் குமிழ் வராது.

இனிக் கணக்கு. மேலே 60க்கு 40, அடியில் 48க்கு 28, ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல்பரப்பு 2400, அடிப்பரப்பு 1344 சதுர மீட்டர். இரண்டின் சராசரி 1872. மூன்றால் பெருக்கினால் 5616 கன மீட்டர். 8-ஆம் வகுப்புக்கு இது போதும். ஆனால் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகளிடம் பாதி ஆழத்தில் உள்ள பரப்பையும் கேளுங்கள். அது 54க்கு 34, அதாவது 1836. மேல், அடி இரண்டோடு நடுவின் நான்கு மடங்கைக் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்கினால் 5544. வித்தியாசம் 72 கன மீட்டர், அதாவது 72,000 லிட்டர். 6,000 லிட்டர் தண்ணீர் லாரி 12. சராசரி என்பது எப்போது ஏமாற்றும் என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஊருணி செவ்வகமாக இல்லாவிட்டால் நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, 5 மீட்டருக்கு ஒருமுறை இருபுறமும் செங்குத்தாக விளிம்புவரை அளந்து, சரிவகங்களாகக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாம் நடை: வரத்துக்காலோடு

இது அளப்பதைவிடப் பார்க்கும் நடை. தெருமுனையிலிருந்து ஊருணி வாய்வரை நடந்து, 20 மீட்டருக்கு ஒருமுறை நின்று காலின் அகலம், ஆழம், அடைப்பு மூன்றையும் குறிக்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பை, கட்டட இடிபாடு, சீமைக்கருவேலம், புதிதாகப் போட்ட தெருச் சிமெண்டால் உயர்ந்துவிட்ட தரை, கழிவுநீர் கலக்கும் இடம் ஆகியவற்றைக் குறியீடு வைத்து வரைபடத்தில் போடச் செய்யுங்கள். யார் வீட்டு வாசலில் அடைப்பு என்று பெயர் எழுதக்கூடாது. ஊர்ப் பகையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் வேலை அது.

அதே நடையில் மண் உறிஞ்சும் வேகத்தையும் பார்த்துவிடலாம். 15 செ.மீ. விட்டமுள்ள, இரு பக்கமும் திறந்த தகர டின்னை 5 செ.மீ. ஆழம் மண்ணில் இறக்கி, 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் உள்ளே 2.5 செ.மீ. உயரம் நிற்கும். அது முழுதும் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முதல் முறை வறண்ட மண் வேகமாகக் குடித்துவிடும். அதை விட்டுவிட்டு, இரண்டாம் முறை ஊற்றியதற்கான நேரத்தைத்தான் எழுத வேண்டும். செம்புறாங்கல் தரையில் டின் நசுங்கும், மேலே மரக்கட்டை வைத்து அடியுங்கள். மிதித்து இறுகிய தெருவோரம், மரத்தடி, ஊருணியின் வெளிக்கரை என மூன்று இடத்தில் செய்து ஒப்பிட்டால் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே இறங்கும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பெருமழைக்கு முன் இந்த வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் ஊராட்சியிடமும் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

மூன்றாம் நடை: மழையும் மட்டமும்

மழைமானியைப் பள்ளி மைதானத்தில், பக்கத்துச் சுவரின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். 10 செ.மீ. விட்டப் புனலின் வாய்ப்பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே பாட்டிலில் 7.85 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. மழை. வானிலைத் துறை காலை 8.30க்குப் படிப்பதுபோல நீங்களும் ஒரே நேரத்தில் படியுங்கள். அப்போதுதான் செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிட முடியும்.

ஊருணியில் மட்டம் பார்க்கக் காய்ந்த படியில் நின்று மூங்கில் கழியைக் கிடையாக நீட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்க வேண்டும். குண்டு நீரைத் தொட்டதும் வட்ட அலை எழும். அந்த நொடியில் நூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி. மூன்றும் அரை செ.மீ.க்குள் ஒத்துவராவிட்டால் மறுபடி.

ஒரு மாதிரிக் கணக்கு. மட்டம் விளிம்புக்கு 1 மீட்டர் கீழே இருக்கிறது. அப்போது நீர்ப்பரப்பு 56க்கு 36, அதாவது 2016 சதுர மீட்டர். 25 மி.மீ. மழை பெய்து மட்டம் 8 செ.மீ. ஏறினால் உள்ளே வந்தது ஏறத்தாழ 160 கன மீட்டர். பள்ளத்துக்குள் நேராக விழுந்தது 2400 × 0.025 = 60. மீதி 100 வரத்துக்கால் கொண்டுவந்தது. வரத்துப் பரப்பு ஒரு ஹெக்டேர் என்றால் அங்கே விழுந்தது 250. ஆக 40 விழுக்காடுதான் வந்து சேர்ந்திருக்கிறது. மீதி எங்கே? இரண்டாம் நடையின் வரைபடத்தையும் டின் கணக்கையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக் கூரை நீரைக் கணக்கிடும்போது ஒரு தவறு தவறாமல் வரும். ஓட்டுச் சரிவின் நீளத்தை அளந்து பெருக்குவார்கள். மழை மேலிருந்து விழுவது, அதற்குத் தெரிவது கூரையின் கிடைப்பரப்பு மட்டும்தான். தரையில் வீட்டின் நீள அகலத்தைத் தாழ்வாரத்தோடு அளந்தால் போதும்.

நான்காம் நடை: தண்ணீர் எங்கே போகிறது

பிப்ரவரியில் மழை இல்லாத மூன்று நாள் தேர்ந்தெடுங்கள். கரையில் ஒரு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, ஆடும் காக்காயும் குடிக்காதபடி அகலக் கண் வலை போடுங்கள். நுண்வலை போட்டால் ஆவியாதல் குறைந்துவிடும். ஊருணியிலும் வாளியிலும் தினமும் ஒரே நேரத்தில் அளவு எடுக்க வேண்டும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் எத்தனை குடம் எடுக்கிறார்கள் என்று எண்ணி வரட்டும்.

மூன்று நாளில் வாளியில் 15 மி.மீ., ஊருணியில் 24 மி.மீ. குறைந்தது என்று கொள்வோம். சிறிய பாத்திரம் சீக்கிரம் சூடேறுவதால் அதில் ஆவியாதல் அதிகம். வானிலை நிலையங்களின் 1.2 மீட்டர் விட்டத் தட்டுக்கே வழக்கமாக 0.7ஆல் பெருக்கித்தான் ஏரிக்குக் கணக்கிடுகிறார்கள். வாளிக்கு அதைத் தோராயமாக எடுத்தால் ஊருணியில் ஆவியானது 10.5 மி.மீ. மீதி 13.5 மி.மீ.யை 2016ஆல் பெருக்கினால் 27 கன மீட்டர். மூன்று நாளில் 200 குடம், குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 3 கன மீட்டர்தான். மிச்சம் 24 மண்ணுக்குள் இறங்கியது, ஊர்க் கிணறுகளுக்குப் போனது. "ஊர்க்காரங்க எடுக்கிறதாலதான் வத்துது" என்று முதல் நாள் சொன்ன பிள்ளை மூன்றாம் நாள் தன் சொல்லை மாற்றிக்கொண்டால், அதற்குத் தயங்காமல் முழு மதிப்பெண் தரலாம்.

நேரம் இருந்தால் நீரின் பி.எச். பாருங்கள். காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். பாசி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பி.எச். மாலைக்குள் ஏறும். பறவை எண்ணுவதானால் சத்தமில்லாமல் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார வேண்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர் நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் தாமாகவே அடங்கிவிடுவார்கள்.

மதிப்பீடு

32 பேரையும் ஒரே நடையில் கவனிக்க ஓர் ஆசிரியரால் முடியாது. முயன்றால் எல்லோருக்கும் 7, 8 என்று போட்டுவிடுவோம். நடைக்கு எட்டுப் பேர், குழுவுக்கு ஒருவர் என்று தேர்ந்து, அவர்களை மட்டும் உன்னிப்பாகக் கவனியுங்கள். நான்கு நடையில் 32 பேரும் வந்துவிடுவார்கள். இன்று யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

வளரறி மதிப்பீட்டுச் செயல்பாட்டுக்கு 10 மதிப்பெண் என்று வைத்தால், அளக்கும் கைக்கு 3, பதிவுக்கு 2, காரணம் சொல்வதற்கு 4, பாதுகாப்புக்கும் சேர்ந்து வேலை செய்வதற்கும் 1 என்று பிரிக்கலாம். குழுவுக்கு மொத்தமாக ஒரே மதிப்பெண் தரக்கூடாது. டேப்பைத் தொடாமலே நின்றவருக்கும் அது போய்ச் சேரும்.

அளக்கும் கை: சுழியத்தைச் சரியான இடத்தில் வைக்கிறாரா, டேப் தொய்யாமல் இழுக்கிறாரா, மறுமுறை அளந்து பார்க்கிறாரா. இந்த மூன்றுக்கும் ஒன்று ஒன்று. பதிவு: அலகு எழுதியிருக்கிறதா, அடித்த எண் தெரிகிறதா.

எண் சரியா என்பதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த குழுவின் எண்ணை எட்டிப் பார்த்து எழுதுவார்கள், எட்டுக் குழுவும் ஒரே விடையோடு வந்து நிற்கும். இரண்டு குழுவின் அளவு மாறியிருந்தால் ஏன் என்று சொல்வதற்குத்தான் மதிப்பெண்.

காரணத்தைக் கரையிலேயே, ஒருவரை மட்டும் தள்ளி அழைத்து, ஒரு நிமிடத்தில் கேட்க வேண்டும். கேள்வியை முந்தின நாளே எழுதி வையுங்கள். எடுத்துக்காட்டாக: "அடியிலேருந்து 10 செ.மீ. ஏறுறதும், நிறையப்போற நேரத்துல 10 செ.மீ. ஏறுறதும் ஒரே தண்ணிதானா?"

"ஆமா சார், ரெண்டும் பத்துதானே" என்றால் 1. கேள்வியைப் புரிந்துகொண்டு விடை சொல்ல முன்வந்ததற்காக.

"இல்ல டீச்சர், மேல அகலம்" என்றால் 2.

"கீழ 48க்கு 28, மேல 60க்கு 40, அதனால மேலதான் தண்ணி கூட" என்று அளவைச் சுட்டிச் சொன்னால் 3.

பெருக்கிப் பார்த்து, அடியில் 136, மேலே 238 கன மீட்டர் என்ற கணக்குக்குப் பக்கமாக வந்தாலோ, "கரை சரிவா இல்லாம நெட்டுக்குத்தலா இருந்தா ஒண்ணாத்தான் இருக்கும்" என்று தானே சேர்த்துச் சொன்னாலோ 4.

அந்த விடையை அந்தப் பிள்ளையின் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் வந்து கேட்கும்போது 3க்கும் 4க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அந்த ஒரு வரி போதும். பேசத் தயங்கும் பிள்ளையிடம் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். படியிறங்க முடியாத பிள்ளைக்கு மழைமானியையும் டியூப் மட்டத்தின் மேல்முனையையும் பொறுப்பாகக் கொடுங்கள். கரைமேலிருந்தே முழு மதிப்பெண் எடுக்க அவற்றில் இடமிருக்கிறது.

பள்ளிக்குத் திரும்பிய அன்றே, கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும், ஒவ்வொருவரும் கால் பக்கத் தாளில் இரண்டு வரி எழுத வேண்டும்: இன்று நான் அளந்ததில் எதை நம்பலாம், எதை நம்ப முடியாது, ஏன். மறுநாளைக்குத் தள்ளினால் எல்லோரும் "நன்றாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். இந்தத் தாள்களை நடைவாரியாகக் கட்டி வையுங்கள். அடுத்த நடைக்கு முன்தினம், எதை நம்ப முடியாது என்று அதிகம் பேர் எழுதினார்களோ அந்த அளவைத்தான் முதலில் மறுபடி எடுக்க வேண்டும்.